நெட்ஸ்கேப்: தோல்வியில் தந்த கொடை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்றைய உரையின் பொருள் ஒரு மென்பொருள். அதுவும் இன்று அன்றாட வேலைக்கு எவரும் தொடாத மென்பொருள். 1994 டிசம்பரில் வெளிவந்து, அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் உலகின் பெரும்பாலோருக்கு இணையத்தின் தலைவாசலாக விளங்கி, 2008 மார்ச் 1 அன்று ஆதரவு நிறுத்தப்பட்ட நெட்ஸ்கேப் நேவிகேட்டர் என்னும் உலாவி அது. மறைந்துபோன மென்பொருள்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. பெரும்பாலானவற்றை நினைப்பார் இல்லை. நெட்ஸ்கேப்பைப் பற்றிய ஏக்கம் மட்டும் இன்னும் தணியவில்லை. எரிகற்கள் பாயும் இரவு வானின் முன் நிற்கும் அந்தப் பெரிய ‘என்’ எழுத்தைச் சொன்னால், அக்காலத்தில் கணினி முன் அமர்ந்தவர்களின் முகம் மலர்கிறது. அதன் பழைய பதிப்புகளைச் சேகரிப்போர் இருக்கிறார்கள். பழைய உலாவியில் பழைய பக்கத்தை மீண்டும் திறந்து காட்டுவதற்கென்றே அருங்காட்சியகப் பாணியில் இயங்கும் இணைய வசதிகளும் இருக்கின்றன. இந்த ஏக்கத்தோடு ஒரு கதையும் ஒட்டிக்கொண்டு வருகிறது: நல்லவன் ஒருவன் இருந்தான், வல்லவன் ஒருவன் வந்து வீழ்த்தினான் என்பது அது. அந்தக் கதையில் உண்மை பாதிதான் இருக்கிறது. நெட்ஸ்கேப் வெற்றியின் உச்சியில் இருந்தபோது செய்தவற்றில் நன்மையும் தீங்கும் கலந்தே இருந்தன. தோற்றுக்கொண்டிருந்தபோது செய்த ஒரு செயலே அதன் தலையாய பணி. 1995-இன் நெட்ஸ்கேப்புக்காக ஏங்குவோர் 1998-இன் நெட்ஸ்கேப்பை நினைக்க வேண்டும் என்பதே இந்த உரையின் வாதம்.

ஏன் விரும்பப்பட்டது?

வைய விரிவு வலையை டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் உருவாக்கினார். 1990-இல் அவர் எழுதிய முதல் உலாவி நெக்ஸ்ட் வகைக் கணினியில் மட்டுமே ஓடியது. அந்தக் கணினியை வைத்திருந்தோர் மிகச் சிலர். 1993 ஏப்ரல் 30 அன்று, வலையின் மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்து மீக்கணினி மையத்திலிருந்து மொசைக் உலாவி வந்தது; மார்க் ஆண்ட்ரீசன் என்ற மாணவரும் எரிக் பினா என்ற நிரலாளரும் அதன் முதன்மை ஆசிரியர்கள். எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் தெரிந்தன, நிறுவுவதும் எளிது, ஆகவே மொசைக் வேகமாகப் பரவியது. சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த ஜிம் கிளார்க் அந்த இளைஞர் ஆண்ட்ரீசனைச் சேர்த்துக்கொண்டு 1994 ஏப்ரலில் புதிய நிறுவனம் தொடங்கினார். மொசைக் என்ற பெயரைப் பயன்படுத்துவதில் பல்கலைக்கழகத்தோடு தகராறு வரவே, நவம்பரில் அது நெட்ஸ்கேப் கம்யூனிகேஷன்ஸ் ஆயிற்று. டிசம்பர் 15 அன்று நேவிகேட்டர் 1.0 வெளியானது.

அதை மக்கள் விரும்பியதற்குக் காரணங்கள் தெளிவானவை. அன்று வீட்டுக்கு இணையம் தொலைபேசிக் கம்பி வழியாகவே வந்தது. வினாடிக்கு 14,400 பிட் என்பதே நல்ல வேகம். மொசைக்கில் பக்கம் முழுதும் வந்து சேரும்வரை திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். நேவிகேட்டர் எழுத்தை முதலில் காட்டியது. படங்களை ஒரே நேரத்தில் பல இணைப்புகளின் வழியே தருவித்து, வர வர நிரப்பியது. கம்பியின் வேகம் கூடவில்லை, காத்திருப்பு மட்டும் குறைந்தது. விண்டோஸ், மேக், பல வகை யூனிக்ஸ் என எல்லா இயங்குதளங்களிலும் ஏறக்குறைய ஒரே முகத்துடன் அது ஓடியது. மாணவர்களுக்கும் லாப நோக்கற்ற அமைப்புகளுக்கும் இலவசம். பிறர் சோதித்துப் பார்க்கத் தரவிறக்கிக்கொள்ளலாம். நிறுவனங்கள் உரிமம் வாங்க வேண்டும். வழியில் எவரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி கடன் அட்டை எண்ணை அனுப்ப வழிசெய்த எஸ்.எஸ்.எல். என்னும் மறையாக்க நெறிமுறையும் நெட்ஸ்கேப்பில் பிறந்ததே. அந்த நெறிமுறையின் வழித்தோன்றல்தான் இன்று வங்கிப் பக்கத்தைத் திறக்கும்போது நம்மைக் காக்கிறது. 1995 ஆகஸ்ட் 9 அன்று நிறுவனத்தின் பங்குகள் சந்தைக்கு வந்தன. 14 டாலர் என்று முதலில் எண்ணிய விலையை 28 டாலராக உயர்த்தி வெளியிட்டார்கள். அன்றே 75 டாலர்வரை ஏறி 58.25 டாலரில் முடிந்தது. தொடங்கிப் பதினாறே மாதமான, லாபம் காணாத நிறுவனம் அது. இணைய வணிகத்தின் மீது முதலீட்டாளர்களுக்குப் பிறந்த மோகத்துக்குப் பலரும் அந்த நாளையே தொடக்கமாகக் கொள்கிறார்கள்.

உச்சியில் இருந்தபோது

ஏக்கம் சொல்லாமல் விடும் பக்கம் இனி வருகிறது. வலைப்பக்கத்தை எழுதும் எச்.டி.எம்.எல். மொழி அன்று பொதுச் சொத்தாக வளர்ந்துகொண்டிருந்தது. இணையத் தொழில்நுட்பக் குழு ஒன்று அதன் இலக்கணத்தை விவாதித்துக்கொண்டிருந்தது. 1994 அக்டோபரில் பெர்னர்ஸ்-லீ தலைமையில் வலைக்கூட்டமைப்பும் தொடங்கப்பட்டது. இந்த விவாதங்கள் முடியும்வரை நெட்ஸ்கேப் காத்திருக்கவில்லை. எழுத்தின் அளவையும் நிறத்தையும் மாற்றும் குறிகள், நடுவில் நிறுத்தும் குறி, எரிச்சலூட்டும்படி சொற்களை மின்னவைக்கும் குறி, திரையைக் கூறுபோடும் சட்டகங்கள் என்று தன் விருப்பப்படி சேர்த்தது. பக்கம் எழுதுவோர் உடனே அவற்றைப் பயன்படுத்தினார்கள். ‘நெட்ஸ்கேப்பில் பார்த்தால் நன்றாகத் தெரியும்’ என்ற பட்டையைப் பக்கத்தின் அடியில் ஒட்டினார்கள். எச்.டி.எம்.எல். 2.0 முறைப்படி ஆவணமானது 1995 நவம்பரில். அப்போது நடைமுறை அதைத் தாண்டிப் போயிருந்தது. பின்னாளில் மைக்ரோசாஃப்ட் செய்தபோது நாம் ஏகபோகப் போக்கு என்று கண்டித்த அதே வழக்கத்தைத் தொடங்கி வைத்தது நெட்ஸ்கேப்தான்.

இதன் விளைவு எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கு ஒரு சான்று இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. நேவிகேட்டரின் உள்வட்டப் பெயர் மொஸில்லா. வழங்கியிடம் பக்கம் கேட்கும்போது அது அந்தப் பெயரிலேயே தன்னை அறிமுகம் செய்துகொண்டது. பல வழங்கிகள் சிறப்பான பக்கங்களை மொஸில்லா என்று சொன்ன உலாவிக்கு மட்டும் அனுப்பின. பின்னால் வந்த மைக்ரோசாஃப்டின் இண்டர்நெட் எக்ஸ்புளோரர், தனக்கும் அந்தப் பக்கங்கள் கிடைக்கவேண்டும் என்பதற்காகத் தானும் மொஸில்லா என்றே சொல்லிக்கொண்டது. அதற்குப் பின் வந்த உலாவிகளும் அப்படியே செய்தன. இன்று கைப்பேசியில் குரோம் ஒரு பக்கத்தைக் கேட்டாலும் அதன் அறிமுகவரி ‘மொஸில்லா/5.0’ என்றுதான் தொடங்குகிறது. ஒரு நிறுவனத்தின் உலாவியை மட்டும் மனத்தில் வைத்துப் பக்கம் எழுதிய பழக்கம், முப்பதாண்டு கடந்தும் எல்லா உலாவிகளையும் பொய்ப்பெயர் சொல்ல வைத்திருக்கிறது.

குக்கியின் வரலாறு இன்னும் கனமானது. வாங்கும் பொருள்களைப் பக்கத்துக்குப் பக்கம் நினைவில் வைத்திருக்க ஒரு வழி தேவைப்பட்டது; நெட்ஸ்கேப்பின் லூ மோண்டுல்லி 1994-இல் குக்கியை, அதாவது தளம் உலாவியில் பதித்துவைக்கும் சிறு குறிப்பை, வடிவமைத்தார். நோக்கத்தில் குற்றம் இல்லை. ஆனால் ஒரு பக்கத்துக்குள் விளம்பரம் போடும் மூன்றாவது நிறுவனமும் குக்கி வைக்கலாம், அதைக் கொண்டு ஒருவர் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறார் என்று பின்தொடரலாம் என்பது விரைவிலேயே தெரிந்தது. 1997 பிப்ரவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 2109 என்ற இணைய ஆவணம், இத்தகைய மூன்றாந்தரப்புக் குக்கிகளை உலாவி தானாக ஏற்கக் கூடாது என்று விதித்தது. நெட்ஸ்கேப் அந்த விதியைக் கடைப்பிடிக்கவில்லை, மைக்ரோசாஃப்டும் கடைப்பிடிக்கவில்லை. போட்டியாளர் இருவரும் ஒத்துப்போன அந்த இடத்தில் இழந்தவர் பயனர். பக்கத்துக்குள் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டின் கதையும் அவசரத்தின் கதையே. 1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப்பின் பிரெண்டன் ஐக் பத்து நாளில் அதன் முதல் வடிவத்தை எழுதினார். அந்த அவசரத்தில் நுழைந்த கோணல்களைத் திருத்தினால் பழைய பக்கங்கள் உடையும் என்பதால் அவற்றில் பல இன்றும் மொழியிலேயே இருக்கின்றன. அந்த மொழி இல்லாமல் இன்றைய வலை இல்லை என்பதும் உண்மை. 1995-இன் நெட்ஸ்கேப்பைப் போற்றுவோர் இந்த வரவையும் செலவையும் சேர்த்தே எழுத வேண்டும்.

வீழ்ச்சிக்கு இரு காரணங்கள்

மைக்ரோசாஃப்ட் செய்தது என்ன? இதற்கு நீதிமன்றப் பதிவே போதும். 1995 மே 26 அன்று பில் கேட்ஸ் தம் அதிகாரிகளுக்கு எழுதிய குறிப்பு இணையத்தை நிறுவனத்தின் முதல் அக்கறையாக்கியது. மொசைக்கின் வணிக உரிமம் பெற்றிருந்த ஸ்பைகிளாஸ் நிறுவனத்திடமிருந்து நிரலை வாங்கி, அந்த ஆகஸ்டில் எக்ஸ்புளோரர் 1.0-ஐ வெளியிட்டார்கள். ஆண்டின் தொடக்கத்தில் அந்த வேலையில் இருந்தவர்கள் ஐந்தாறு பேர். 1999-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். உலாவியை இலவசமாகக் கொடுத்தார்கள். பிறகு விண்டோஸோடு பிணைத்தார்கள். கணினி உற்பத்தியாளர்கள் எக்ஸ்புளோரர் சின்னத்தை அகற்றக் கூடாது என்று உரிம ஒப்பந்தத்தில் தடை போட்டார்கள். காம்பேக் நிறுவனம் அதை அகற்றியபோது, விண்டோஸ் உரிமத்தையே ரத்து செய்வோம் என்ற எச்சரிக்கை வந்தது. சின்னம் திரும்பி வந்தது. 1996-இல் ஏ.ஓ.எல். என்னும் இணையச் சேவை நிறுவனத்துக்கு விண்டோஸ் திரையில் இடம் கொடுத்து, பதிலாக அதன் லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களை எக்ஸ்புளோரருக்கு மாற்றிக்கொண்டார்கள். 1997-இல் ஆப்பிளோடு செய்த உடன்பாட்டின்படி மேக் கணினியிலும் எக்ஸ்புளோரரே இயல்பு உலாவியாயிற்று. 1998 மே 18 அன்று அமெரிக்க நீதித்துறையும் மாநிலங்களும் வழக்குத் தொடுத்தன. 2001 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தைப் பிளக்கும் ஆணையை நீக்கியது. உலாவிச் சந்தையையே கைப்பற்ற முயன்றதாகச் சொன்ன குற்றச்சாட்டையும் ஏற்கவில்லை. ஆனால் இயங்குதள ஏகபோகத்தைச் சட்டவிரோத வழிகளில் காத்துக்கொண்டது என்ற முடிவை உறுதி செய்தது.

ஆகவே நெட்ஸ்கேப் அநீதிக்கு ஆளானது என்பதில் ஐயமில்லை. அதே ஆண்டுகளில் அது தனக்குத்தானே செய்துகொண்டதையும் பார்க்க வேண்டும். 1997-இல் வந்த கம்யூனிகேட்டர் 4.0 உலாவியோடு அஞ்சல், செய்திக்குழு, பக்கம் எழுதும் கருவி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியது. அன்றைய கணினிகளுக்கு அது பெரும் பாரம். பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சி.எஸ்.எஸ். விதிகளை வலைக்கூட்டமைப்பு 1996-இல் வெளியிட்டபோது, நெட்ஸ்கேப் ஜாவாஸ்கிரிப்ட் அடிப்படையிலான தன் சொந்த முறையை முன்வைத்திருந்தது. அது ஏற்கப்படாமல் போகவே, சி.எஸ்.எஸ்.ஸை அவசரமாகவும் அரைகுறையாகவும் தன் பழைய நிரலில் ஒட்டவைத்தது. நான்காம் பதிப்பின் கோளாறுகளைச் சமாளிக்கவே வலை வடிவமைப்பாளர்கள் தனி வித்தைகள் கற்க வேண்டியிருந்தது. இதற்கு நேர்மாறாக எக்ஸ்புளோரர் 3, 4, 5 எனப் பதிப்புக்குப் பதிப்பு தேறிவந்தது. பக்கத்தை மீண்டும் ஏற்றாமல் பின்னணியில் தரவு வாங்கும் வசதியை 1999-இல் ஐந்தாம் பதிப்பில் முதலில் கொண்டுவந்தது மைக்ரோசாஃப்டே. பழைய நிரலைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதுவது என்று 1998 அக்டோபரில் எடுத்த முடிவு கடைசி அடி. புதிய பதிப்பு 2000 நவம்பரில் நெட்ஸ்கேப் 6 என்ற பெயரில் வந்தது. ஐந்தாம் பதிப்பு வரவே இல்லை. வந்ததும் மெதுவாகவும் பிழைகளோடும் இருந்தது. போட்டி உச்சத்தில் இருந்த இரண்டாண்டுகள் கையில் புதிய சரக்கு இல்லாமல் கழிந்தன.

இவ்விரண்டில் எது பெரிய காரணம் என்ற கேள்விக்கு என் விடை: வழங்கும் வழிகளை அடைத்தது நெட்ஸ்கேப்பின் வருமானத்தைக் கொன்றது, சொந்தத் தவறுகள் அதன் நற்பெயரைக் கொன்றன. முதலாவது மட்டும் நடந்திருந்தால் மெல்லத் தேய்ந்திருக்கும். இரண்டாவது மட்டும் நடந்திருந்தால் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைத்திருக்கும். இரண்டும் சேர்ந்ததால் வேகமாகச் சரிந்தது. இதில் சட்டத்தின் கைக்கு எட்டியது எவ்வளவு என்பதைக் காலவரிசையே காட்டும். வழக்குத் தொடர்ந்த ஆறு மாதத்தில், 1998 நவம்பரில், ஏ.ஓ.எல். நெட்ஸ்கேப்பை வாங்குவதாக அறிவித்தது. நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் உண்மைகளைத் தொகுத்து வெளியிட்டது அதற்கு ஓராண்டு கழித்து. மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்த இரண்டு மாதத்தில் எக்ஸ்புளோரர் 6 வெளியானது; எக்ஸ்புளோரரின் பங்கு பின்னர் உலாவிச் சந்தையில் பத்தில் ஒன்பதைத் தாண்டியது. நீதி கிடைத்தது, அதைப் பெற்றுக்கொள்ள வேண்டியவர் அப்போது களத்தில் இல்லை.

மூலநிரல் வெளியானபோது

வழக்குக்கு முன்பே நெட்ஸ்கேப் வேறொரு வழியில் நடந்தது. 1998 ஜனவரி 22 அன்று, உலாவியை எல்லோருக்கும் இலவசமாக்குவதாகவும் அதன் மூலநிரலையே வெளியிடுவதாகவும் அறிவித்தது. வணிக மென்பொருளின் மூலநிரல் அன்று பெட்டகத்தில் வைத்துப் பூட்டப்படும் பொருள். அறிவிப்பு வந்த சில நாளில், அதன் தாக்கத்தை விவாதிக்கக் கலிஃபோர்னியாவில் கூடிய சிறு குழுவில்தான் ‘திறந்த மூலம்’ என்ற பெயரே முன்மொழியப்பட்டது. மார்ச் 31 அன்று நிரல் வெளியானது. மறையாக்கப் பகுதியை அமெரிக்க ஏற்றுமதிச் சட்டம் தடுத்ததால் நீக்கியிருந்தார்கள். பிறர் உரிமை கொண்ட பகுதிகளும் இல்லை. ஓட்டைகள் நிறைந்த அந்த நிரலைச் சுற்றி மொஸில்லா என்ற பெயரில் ஒரு திட்டம் உருவானது. ஊழியர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து கெக்கோ என்ற புதிய வரைவுப் பொறியை வளர்த்தார்கள். நெட்ஸ்கேப் 6-ஐப் படுக்கவைத்த அதே மறுஎழுத்து, நான்காண்டு உழைப்புக்குப் பின் 2002 ஜூனில் மொஸில்லா 1.0 ஆக நிமிர்ந்தது. 2003 ஜூலை 15 அன்று ஏ.ஓ.எல். நெட்ஸ்கேப்பின் நிரலாளர்களில் பெரும்பாலோரை வேலையிலிருந்து நீக்கியது. அன்றே 20 லட்சம் டாலர் நன்கொடையோடு மொஸில்லா அறக்கட்டளை தொடங்கியது. நிறுவனம் கலைந்தது; நிரல் பொதுவில் நின்றது. அந்த நிரலிலிருந்து பிறந்து 2004 நவம்பர் 9 அன்று வந்த ஃபயர்பாக்ஸ் 1.0 உலாவி, ஓராண்டுக்குள் பத்துக் கோடித் தரவிறக்கங்களைக் கடந்தது.

அந்தக் காலத்தில் ஃபயர்பாக்ஸ் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிக்கத் தேவையில்லை. ஒற்றை உலாவியின் ஆட்சி எப்படி இருந்தது என்பதற்குப் பதிவுகள் உண்டு. எக்ஸ்புளோரர் 6-க்கும் 7-க்கும் இடையே ஐந்தாண்டு இடைவெளி. வென்றவருக்கு விரைய வேண்டிய அவசியம் இல்லை. 2005-இல் கத்ரீனா புயல் தாக்கியபோது, நிவாரணத்துக்கு இணையம் வழி விண்ணப்பிக்க அமெரிக்க அவசரகால மேலாண்மை முகமையின் தளம் எக்ஸ்புளோரர் 6-ஐக் கேட்டது. வீட்டை இழந்தவரிடம் மேக் கணினியோ லினக்ஸோ இருந்தால் அவர் தொலைபேசியைத்தான் நாட வேண்டும். தென் கொரியாவில் வங்கிப் பரிவர்த்தனைக்கான மறையாக்க முறை மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ்எக்ஸ் செருகுநிரலைச் சார்ந்து அமைந்ததால், அந்த நாடே நெடுங்காலம் ஒரே உலாவியில் மாட்டிக்கொண்டது. ஃபயர்பாக்ஸ் தலையெடுத்த பிறகே, 2005 பிப்ரவரியில், எக்ஸ்புளோரர் 7 பற்றிய அறிவிப்பு வந்தது. நீதிமன்றத்தால் ஏற்படுத்த முடியாத போட்டியைப் பொதுவில் வைத்த நிரல் ஏற்படுத்தியது.

தமிழுக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. ஒருங்குறி பரவாத காலத்தில் தமிழ்ப் பக்கத்தைக் காட்ட எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்ப வேண்டியிருந்தது. நெட்ஸ்கேப் 4 இதற்கு ஒரு கோப்பு வடிவத்தைக் கொண்டுவந்தது, எக்ஸ்புளோரர் 4 வேறொன்றை. ஒன்றை மற்றது படிக்காது. எக்ஸ்புளோரருக்கு மட்டும் எழுத்துரு தந்த இந்திய மொழித் தளங்கள், மற்ற உலாவிகளில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தன. பின்னர் ஃபயர்பாக்ஸுக்கு வந்த பத்மா என்ற நீட்சி, இத்தகைய தனி எழுத்துருக் குறியீடுகளைப் படிக்கும் இடத்திலேயே ஒருங்குறிக்கு மாற்றித் தந்தது. வெளியார் வந்து செம்மைப்படுத்த இடம் கொடுத்த உலாவி அது என்பதாலேயே அது முடிந்தது. ஃபயர்பாக்ஸின் பட்டியல்களும் செய்திகளும் தமிழில் வந்ததற்கும் தன்னார்வலர்கள் கைவைக்கத் திறந்திருந்த நிரலே காரணம்.

மறுப்புகளும் விடைகளும்

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது: வேறு வழியில்லாமல் செய்ததைக் கொடை என்று சொல்லலாமா? சந்தையை இழந்துகொண்டிருந்த நிறுவனம், வெளியாரின் இலவச உழைப்பால் போட்டியில் நிற்கலாம் என்று கணக்குப் போட்டது, அவ்வளவுதானே? கணக்குப் போட்டது உண்மை. ஆனால் ஒரு செயலின் மதிப்பை அதன் நோக்கத்தோடு நிறுத்திவிடக் கூடாது. அது எதைத் திரும்பப் பெற முடியாதபடி செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். திறந்த உரிமத்தில் வெளியான நிரலை ஏ.ஓ.எல். வாங்கிய பின்னும் மூட முடியவில்லை. 2003 மே மாதம் மைக்ரோசாஃப்ட் 75 கோடி டாலர் கொடுத்து ஏ.ஓ.எல்.லுடன் சமரசம் செய்துகொண்டு, எக்ஸ்புளோரரையே தொடர்ந்து பயன்படுத்தும் உரிமையையும் அளித்தது. நிரல் பூட்டியிருந்தால் கெக்கோவின் கதை அந்தக் கையெழுத்தோடு முடிந்திருக்கும். தோற்கும் நிறுவனங்கள் பல தம் நிரலைக் காப்புரிமை வழக்குக்கு ஆயுதமாக வைத்துக்கொள்வதையோ அழியவிடுவதையோ காண்கிறோம். நெட்ஸ்கேப் வேறு வழியைத் தேர்ந்தது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. ஃபயர்பாக்ஸும் தேய்ந்துவிட்டதே? 2009–10 வாக்கில் முப்பது விழுக்காட்டை நெருங்கிய அதன் பங்கு இன்று சில விழுக்காடே. மொஸில்லாவின் வருமானத்தின் பெரும்பகுதி, தேடல் ஒப்பந்தத்துக்காகப் போட்டியாளரான கூகுள் தரும் பணம். ஓபரா 2013-இலும் மைக்ரோசாஃப்டின் எட்ஜ் 2020-இலும் குரோமுக்கு அடிப்படையான கூகுளின் குரோமியம் நிரலுக்கு மாறிவிட்டன. மீண்டும் ஒற்றை ஆட்சிதான் என்றால் கொடை என்ன சாதித்தது? இதில் உள்ள உண்மையை மறுப்பதற்கில்லை. போட்டியாளரின் பணத்தில் வாழ்வது ஆரோக்கியமான நிலை ஆகாது. ஆயினும் சாதித்தது என்ன என்பதற்கு நான் முன்பு சொன்ன குக்கியே சான்று. 1997-இல் ஆர்.எஃப்.சி. 2109 கேட்டதை, அதாவது பின்தொடரும் மூன்றாந்தரப்புக் குக்கிகளை உலாவியே தடுப்பதை, 2019-இல் ஃபயர்பாக்ஸும் 2020-இல் இன்னும் முழுமையாக ஆப்பிளின் சஃபாரியும் இயல்பாகவே செய்யத் தொடங்கின. விளம்பரத்தால் வாழும் கூகுள், குரோமிலும் அவற்றை நீக்குவதாக 2020-இல் அறிவித்து, தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. தனிப் பொறி கொண்ட சிறுபான்மை உலாவி ஒன்றாவது இருந்தால்தான் இப்படி ஒப்பிட்டுப் பார்க்கவே முடியும். நெட்ஸ்கேப் தன் வெற்றிக் காலத்தில் கேட்க மறுத்த விதியை, அதன் தோல்வியில் பிறந்த வாரிசு நிறைவேற்றியது என்பதை வரலாற்றின் நேர்த்தியான திருத்தமாகவே கருதுகிறேன்.

மூன்றாவது மறுப்பு: குரோமியமும் திறந்த மூலம்தானே, எல்லோரும் ஒரே பொறியைப் பயன்படுத்தினால் பக்கம் எழுதுவோருக்கு வேலை மிச்சம், இதில் என்ன கெடுதல்? நிரலைப் படிக்கும் உரிமை ஒன்று. அது எந்தத் திசையில் போகவேண்டும் என்று முடிவெடுக்கும் அதிகாரம் வேறொன்று. நீட்சிகளுக்கான விதிகளைக் கூகுள் அண்மையில் மாற்றியபோது, பரவலாகப் பயன்பட்ட விளம்பரத் தடுப்பு நீட்சி ஒன்று குரோமில் முழு வலிமையோடு இயங்க முடியாமல் போனது, ஃபயர்பாக்ஸில் இயங்குகிறது. குரோமியத்தைக் கொண்டு உலாவி செய்யும் மற்றவர்கள் அந்த முடிவை ஏற்கலாம், அல்லது பெருஞ்செலவில் விலகிப் போகலாம். கூகுள் தேடல் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துவருகிறது என்று நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். குரோமை விற்கச் சொல்லும் கோரிக்கையை 2025 செப்டம்பரில் ஏற்க மறுத்தார். கால் நூற்றாண்டுக்கு முன் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. நீதிமன்றம் குற்றத்தைப் பெயர் சொல்லிக் குறிக்கும். சந்தையை மீட்டுத் தரும் வேலை அதன் கையில் பெரும்பாலும் இருப்பதில்லை.

நிறைவாக: நெட்ஸ்கேப்புக்காக ஏங்குவது தவறில்லை. ஆனால் அது வென்றிருந்தால் வலை நலமாக இருந்திருக்கும் என்று நம்புவதற்குச் சான்று இல்லை. வென்றுகொண்டிருந்த ஆண்டுகளில் அதன் நடத்தை அந்த நம்பிக்கைக்கு எதிராகவே நிற்கிறது. பொதுவுடைமையான ஒரு மொழியை எந்த நிறுவனத்தின் நல்லெண்ணத்திலும் ஒப்படைக்கக் கூடாது, அது நமக்குப் பிடித்த நிறுவனமாயினும் சரி. இதுவே அதன் வரலாறு தரும் தீர்ப்பு. இங்கே அமர்ந்திருக்கும் கணினித் துறை மாணவர்கள் நாளை அரசுக்கும் வங்கிக்கும் மருத்துவமனைக்கும் தளங்கள் எழுதப்போகிறவர்கள். உங்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவே: தரநிலையைப் பார்த்து எழுதுங்கள், ஓர் உலாவியைப் பார்த்து எழுதாதீர்கள், வெளியிடுவதற்கு முன் குரோமியம் சாராத ஓர் உலாவியிலாவது சோதித்துப் பாருங்கள், ‘இந்த உலாவியில் மட்டும் இயங்கும்’ என்ற வரியை மக்கள் சேவைக்கான எந்தப் பக்கத்திலும் அனுமதிக்காதீர்கள். நெட்ஸ்கேப்புக்குச் செலுத்த வேண்டிய நன்றிக்கடன் இந்த வழியில்தான் தீரும்.